சரிவில் நிற்கும் வண்டிக்கு அண்டை எது?

கடையம் பக்கத்துத் தோப்புகளில் போர் போட வண்டி வந்து நின்றால், முதலில் கீழே இறங்குவது குழாய் அல்ல, கட்டை. திருச்செங்கோட்டுப் பதிவெண் பலகையோடு வரும் அந்தப் பெரிய ரிக் லாரியில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. கம்பி, பைப், பிட், சங்கிலி எல்லாம் இரும்புதான். ஆனால் ஹைட்ராலிக் ஜாக்கியை இறக்குவதற்கு முன்னால், ஒவ்வொரு ஜாக்கியின் பாதத்துக்குக் கீழேயும் வேலையாட்கள் வைப்பது எண்ணெய்க்கறை ஏறிக் கறுத்துப்போன மரத்துண்டுகளை. லீவரைத் தள்ளியதும் டயர்கள் மெல்ல எழும்பும். ஒருவர் பத்தடி தள்ளி நின்று கம்பம் நட்டுக்குத்தலாக நிற்கிறதா என்று பார்ப்பார். ஒரு பக்கம் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கினால் துளை கோணும். துளை கோணினால் கேசிங் பைப் இறங்க மறுக்கும், பிறகு மோட்டாரும் சிக்கும். பல லட்சம் ரூபாய் வேலையின் நேர்த்தி அந்த நாலு கட்டைகளை நம்பித்தான் இருக்கிறது.

நிறுத்திய வண்டியை மட்டப்படுத்த எதை அடியில் கொடுப்பது என்ற கேள்வி போர் வண்டிக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. குற்றாலத்திலும் அம்பாசமுத்திரம், காரையாறு பக்கமும் படப்பிடிப்புக்கு வரும் கேரவன்கள் வரப்போரத்திலும் கோயில் மைதானத்திலும் நிற்கின்றன. சீசன் காலத்தில் ஸ்டவ்வும் அண்டாவுமாக வரும் வேன்கள் சரிவான ரோட்டோரத்தில் அடுப்பு மூட்டுகின்றன. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாய் இறங்கினால் கேரளம். அங்கே 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே அரசு ஒரு கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமண்ணில் கேரவன் பூங்கா திறந்தாயிற்று. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் முகாம் டிரெய்லர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சர்வசாதாரணம், நம் சாலைகளில் அபூர்வம். ஆனால் சரிவும் மண்ணும் மழையும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். டிரெய்லருக்கு இன்னொரு சங்கடம்: இழுத்து வந்த காரைக் கழற்றிய பிறகு அதைப் பிடித்து நிறுத்த என்ஜினும் இல்லை, கியரும் இல்லை.

மட்டம் எதற்கு? தூக்கத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். தலை தாழ்ந்து கால் உயர்ந்து ஒரு ராத்திரி படுத்தவருக்கு விளக்கம் தேவையில்லை. கதவு தானாகத் திறந்து மூடுவது, ஏசியின் தண்ணீர் வெளியே சொட்டாமல் படுக்கையில் சொட்டுவது, தொட்டித் தண்ணீர் பாதி இருக்கும்போதே குழாய் வறண்டுபோவது என்று பட்டியல் நீளும். மேல்நாட்டு டிரெய்லர்களில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவற்றில் பல, கேஸில் ஓடும் குளிர்பெட்டிகளைச் சுமப்பவை. 1922-ல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த வான் பிளாட்டனும் முன்டெர்ஸும் கண்டுபிடித்த முறை அது. கம்ப்ரஸர் கிடையாது, அடியில் சூடு கொடுத்தால் அம்மோனியா ஆவியாகி மேலேறும், குளிர்ந்து தானாகவே கீழிறங்கும். பம்பு இல்லாத இடத்தில் புவியீர்ப்புதான் பம்பு. பெட்டி சாய்ந்து நின்றால் திரவம் வழியில் தேங்கிவிடும், கொதிகலன் வெறுஞ்சூட்டில் காயும். பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரைதான் சாயலாம் என்று தயாரிப்பாளர்கள் எல்லை வைப்பது இதனால்தான். கம்ப்ரஸர் பெட்டிக்கு இந்த நொண்டி இல்லை.

எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் இருக்கும் சாமான்களை வைத்தே கண்டுபிடிக்கலாம். 60 சென்டிமீட்டர் ரசமட்டம் ஒன்றை வண்டியின் தரையில் குறுக்காக வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனைக்கு அடியில் அட்டையோ நாணயமோ சொருக வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கு இடையே 180 சென்டிமீட்டர் என்றால், அது ரசமட்டத்தைப் போல மூன்று மடங்கு. முனையில் 2 சென்டிமீட்டர் சொருகியிருந்தால் சக்கரத்துக்கு அடியில் 6 சென்டிமீட்டர் வேண்டும். இந்த அகலத்தில் 1 டிகிரி சாய்வு ஏறக்குறைய 3 சென்டிமீட்டருக்குச் சமம். நீளவாக்கில் பார்க்க டியூப் லெவலை மிஞ்சியது எதுவும் இல்லை. செல்போனிலும் மட்டம் பார்க்கலாம்தான், ஆனால் முதுகில் கேமரா துருத்தும் போனைத் தரையில் வைத்தால் அது தன் கேமராவின் உயரத்தையும் சேர்த்துச் சொல்லும்.

இனிப் பொருளுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு பிரிவினை செய்துகொள்வது நல்லது. உருளாமல் தடுப்பது ஒரு வேலை, உயர்த்திப் பிடிப்பது வேறொரு வேலை. முன்னதற்குக் கூர்மையும் பிடிமானமும் வேண்டும், பின்னதற்கு அகலமும் நிதானமும் வேண்டும். ஒரே கல்லை இரண்டுக்கும் வைப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

தடுக்கும் கலையில் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. குற்றாலநாதர் கோயிலில் சித்திரை விசுவுக்கும் ஐப்பசி விசுவுக்கும் தேர் ஓடுகிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரை இன்றும் ஆட்கள்தான் வடம் பிடித்து இழுக்கிறார்கள். 2024-ல் வடங்கள் அடுத்தடுத்து அறுந்து ஊரே பதைத்தது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும், சக்கரத்தோடு சக்கரமாக ஓடி முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஓயவில்லை. கட்டை புளியமரம். நிறுத்துவதற்கு மட்டுமல்ல, திசை திருப்பவும் அதுதான்: ஒரு சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் தேர் அந்தப் பக்கமாக முகம் திரும்பும். வீதி முனைகளில் இரும்புத் தகடு பரப்பி அதன் மேல் கிரீஸ் தடவுவார்கள். சக்கரம் வழுக்கித் திரும்பட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. வழுக்க வேண்டிய இடத்தில் இரும்பு, பிடிக்க வேண்டிய இடத்தில் மரம். சரிவில் வண்டியை நிறுத்துகிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய பாகுபாடு இதற்குள்ளேயே இருக்கிறது.

புளியரை எஸ் வளைவில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு ஏறும் டாரஸ் லாரிகளிடமும் இதே வித்தை உண்டு. வண்டி நின்றுபோனால் கிளீனர் குதித்து, கையில் அகப்பட்ட கல்லைப் பின்சக்கரத்துக்கு அடியில் போடுவார். அவசரத்துக்கு அது சரி. உடைகல் என்றால் பல் இருக்கிறது, ரோட்டைக் கடிக்கும். ஆற்றுக்கல் என்றால் டயரோடு சேர்ந்து தானும் உருளும். முறையான முட்டுக்கட்டை ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்ட ஆப்பு. டயர் உயரத்தில் கால்பங்காவது அது உயர்ந்திருக்க வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் வைத்தால் போதாது, சக்கரத்தின் இரு பக்கமும் இறுக்கி வைக்க வேண்டும்.

உயர்த்தும் வேலையில் கல்லை விட்டுவிடலாம். தென்காசி வட்டாரத்துப் பாறை நசுங்குகிற பாறை அல்ல, சந்தேகம் வேண்டாம். அதன் குறை வேறு: அதற்கு மட்டமான முதுகும் கிடையாது, மட்டமான வயிறும் கிடையாது. ஒன்றிரண்டு புள்ளியில் நின்றுகொண்டு ஆடும். சாரல் விழுந்தால் வழுக்கும். பாசி பிடித்த கல்லின் குணம் அருவியில் குளித்த எல்லோருக்கும் தெரியும்.

செங்கல் சங்கதிதான் சுவாரசியமானது. 1,500 கிலோ எடையுள்ள ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ முன்கால் ஜாக்கியில் இறங்கினால், ஒரு சக்கரத்தின் பங்கு 700 கிலோ. டயரில் காற்று 45 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 3.2 கிலோ. டயர் தரையை அழுத்தும் அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இந்தியத் தர அட்டவணையில் கடைசிப் படியில் இருக்கும் செங்கல்கூட சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ தாங்க வேண்டும். தேக்கின் குறுக்கு இழையில் கட்டுமானக்காரர்கள் அனுமதிக்கும் சுமையும் 30, 40 கிலோ என்ற அளவில்தான் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இரண்டுமே பத்து மடங்கு பலம். செங்கல் மலிவு வேறு. பிறகு ஏன் போர் வண்டிக்காரர் செங்கலைத் தொடுவதில்லை?

சோதனைக்கூடத்தில் செங்கலை இரண்டு மட்டத் தகடுகளுக்கு நடுவே வைத்து நசுக்குகிறார்கள். தோப்பில் அதற்கு அடியில் ஒரு கூழாங்கல் கிடக்கும். நடுவில் கூழாங்கல், மேலே 700 கிலோ என்றால் செங்கல் நசுங்குவதில்லை, வளைகிறது. வளைவதைத் தாங்கும் சக்தி செங்கலுக்கு மிகக் குறைவு. நேற்றுவரை தாங்கியது இன்று படக்கென்று இரண்டாகும், முன்னறிவிப்பு கிடையாது. வண்டி ஏறும்போது ஓரத்தைக் கடித்தாலும் இதே கதி. ஹாலோ பிளாக் இன்னும் மோசம். துளைகள் மேல்கீழாக இருக்கும்படி நிறுத்தி, மேலே பலகை மூடினால் அது சுமை தாங்கும். அமெரிக்காவில் நிரந்தரமாக நிறுத்தும் டிரெய்லர் வீடுகளைப் பலகை மூடிய பிளாக் தூண்களின் மேல்தான் உட்காரவைக்கிறார்கள். ஆனால் அவசரத்தில் எடுத்துப்போடும் கை அதைப் படுக்கவைத்துத்தான் போடும். அப்போது சுமை வாங்குவது மெல்லிய பக்கச்சுவர். செங்கலாலோ பிளாக்காலோ உயர்த்திய வண்டிக்கு அடியில் தலையை நீட்டுகிறவருக்குத் துணிச்சல் என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை.

மரம் இப்படி ஏமாற்றாது. கூழாங்கல் மேல் வைத்தால் கல் மரத்துக்குள் பதியும். மிஞ்சிய சுமை வந்தால் முதலில் அமுங்கும், பிறகு முனகும், பிறகு இழை இழையாகப் பிளக்கும். ஓடி ஒதுங்க நேரம் கிடைக்கும். இடிந்த கட்டடங்களுக்குள் நுழையும் மீட்புப் படையினர், அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் பட்டாலியன் உட்பட, கூரையைத் தாங்கக் குறுக்கும் நெடுக்குமாக மரக்கட்டைகளை அடுக்கப் பழகுகிறார்கள். மரத்தின் அந்த முனகல் அவர்களுக்கு உயிர்காக்கும் எச்சரிக்கை. அடுக்கின் உயரம் அடி அகலத்தின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. டிரெய்லருக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. தேவைப்பட்டால் இடம்தான் தப்பு.

எந்த மரம் என்பதில் நம் பட்டறைகளின் பழைய தேர்வுகளே போதும். வண்டிச் சக்கரத்துக்குக் கருவேலமும் பூவரசும், முட்டுக்கட்டைக்குப் புளி. வேம்பு நன்று. தேக்கு அருமை, ஆனால் டயருக்கு அடியில் போட மனம் வருமா என்பது வேறு விஷயம். சீமைக்கருவேலம் உறுதியானதுதான், நேரான பலகை கிடைப்பதுதான் பாடு. தைல மரம் காய்ந்தால் வெடிக்கும். கடையத்துக்காரர் கைக்கு முதலில் எட்டுவது பனையும் தென்னையும். இரண்டுக்கும் வைரம் வெளிப்பக்கம், உள்ளே வெறும் சோறு. வெளிவைரத்தை மட்டும் அறுத்தெடுத்த துண்டு நன்றாகத் தாங்கும். வட்டமாக நறுக்கிய தென்னந்தூர் உள்ளே சாரல் ஏறினால் நாலு நாளில் நைந்துவிடும். செங்கோட்டை, தென்காசி அறுவை மில்களில் சட்டம் அறுத்த மிச்சத் துண்டுகள் கிடைக்கும். 5 சென்டிமீட்டர் கனம், முடிச்சு இல்லாதது, காய்ந்தது என்று பார்த்து எடுத்தால் போதும். சாதாரண பிளைவுட் இரண்டு மழையில் ஏடு ஏடாக உரியும், கொதிநீர் தாங்கும் ரகம் மட்டும் தப்பிக்கும். பழைய ரயில் சிலிப்பர் கட்டை கிடைத்தால் யோகம்தான், ஒரு எச்சரிக்கையோடு: அதில் ஊறியிருக்கும் தார் எண்ணெய் நச்சு. உடைந்த துண்டை அடுப்பில் வைத்துச் சோறு பொங்கிவிடக் கூடாது.

இவ்வளவையும் விட முக்கியமானது, கட்டைக்கும் கீழே இருப்பது. தரமான கட்டை தரங்கெட்ட மண்ணில் புதையும், அவ்வளவுதான். ராமநதியும் கடனாநதியும் பாயும் கடையம் வட்டாரத்தில், கார் சாகுபடிக் காலமும் குற்றாலச் சீசனும் ஒரே சமயம். செம்மண் மேடு கல்லாக இருக்கும்போது, நூறடி தள்ளி வாய்க்காலோரம் மண் சேறாகக் கிடக்கும். அஸ்திவாரம் போடுகிறவர்களுக்கான இந்திய அட்டவணை ஒன்றில் மண்ணைக் கட்டைவிரலால் சோதிக்கும் முறை இருக்கிறது. விரல் எளிதாக உள்ளே போனால் மிக இளகிய களி, சதுர மீட்டருக்கு 5 டன். ஓரளவு அழுத்தினால் பள்ளம் விழுந்தால் 10 டன். நகம் மட்டும் பதிந்தால் 25 டன். மேலே சொன்ன டயரின் அழுத்தத்தை இந்தக் கணக்குக்கு மாற்றினால் 32 டன்! ஈர நிலத்தில் டயர் இறங்குவதில் ஆச்சரியம் ஏதுமில்லை. அதன் கீழ் ஒரு செங்கலை வைத்தால் 28 டன். செங்கலும் சேர்ந்து இறங்கும். 30க்கு 45 சென்டிமீட்டர் பலகையை வைத்தால் சுமை பரவி 5 டன் சுற்றுவட்டத்துக்கு வந்துவிடும். அட்டவணை வீட்டுக்கானது, ஓர் இரவு நிற்கும் வண்டிக்கு அவ்வளவு கறார் வேண்டாம். ஆனாலும் அகலம் செய்யும் வேலையைக் கடினம் செய்யாது என்பதை இந்த எண்கள் சந்தேகமில்லாமல் காட்டிவிடுகின்றன.

ஆன்லைனில் கிடைக்கும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கட்டைகள் மோசமில்லை. ஒன்றின் மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும், ஓரங்குலம் ஓரங்குலமாக உயர்த்தலாம், நனைந்தாலும் உளுக்காது, கனமும் கிடையாது. சிமெண்டுத் தளத்தில் அவைதான் முதல் தேர்வு. கூர்ஜல்லியில் வைத்தால் விரிசல் விடும், நனைந்த வழுவழுப்பான தரையில் நழுவும், வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்தால் நொறுங்கும். இரண்டாவதற்கு மருந்து மாட்டுத்தொழுவத்தில் இருக்கிறது: மாடு வழுக்காமல் இருக்க விரிக்கும் ரப்பர் பாயில் ஒரு துண்டு வெட்டி அடியில் போட்டால் நகராது. அதே ரப்பரை ஜாக்கிக்கு அடியில் அடுக்கினால், உள்ளே ஆள் நடக்கும்போதெல்லாம் வண்டி தொட்டிலாகும். இரும்புத் தகட்டைப் பற்றித் தேர்க்காரர்கள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாயிற்று. மணல் மூட்டை தையல் விடும் நேரம் யாருக்கும் தெரியாது.

பொருள் சரியாக இருந்தும் வரிசை தப்பினால் வண்டி ஓடிவிடும். டிரெய்லர் காரோடு கொளுவியிருக்கும்போதே தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்ற வேண்டும். இரட்டை அச்சு என்றால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களையும் ஏற்ற வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் இன்னொன்றின் சுமையும் அதன் தலையில் விழும். கேரவன் பஸ்ஸின் பின்பக்க ஜோடி டயர்களுக்குப் பலகை இரண்டையும் முழுதாகத் தாங்கும் அகலத்தில் வேண்டும். அதன்பிறகு முட்டுக்கட்டை. அதற்கும் பிறகுதான் காரைக் கழற்றுவது, முன்கால் ஜாக்கியைச் சுழற்றி நீளவாக்கில் மட்டம் பார்ப்பது. மூலைக்கால்கள் கடைசி. அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், தூக்குவதற்கல்ல. அவற்றால் தூக்க முயன்றால் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்.

கட்டையே தேவைப்படாத மட்டமான இடம் கண்ணில் பட்டால் இன்னும் கவனம் வேண்டும். மலையடிவாரத்தில் தானாகவே மட்டமாகக் கிடக்கும் மணல் திட்டு பெரும்பாலும் ஆறு வந்துபோன இடம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் சில நிமிடங்களில் காட்டாற்று வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஓடைக்கரையை விட, கட்டை கொடுத்தாவது நிற்கக்கூடிய மேடு மேல். கடையம் பக்கத்து அடிவாரக் காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அனுமதியில்லாமல் அங்கே வண்டி போட்டுத் தங்குவதற்கு இடமே இல்லை.

ஆக, டிக்கியில் 5 சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு அகலப் பலகைகள், பாதிக் கனத்தில் நாலு துண்டுகள், இரண்டு ஜோடி ஆப்புகள், ஒரு ரப்பர் பாய்த்துண்டு, ஒரு ரசமட்டம் இருந்தால் தென்காசி மாவட்டத்தில் வண்டி நிறுத்தத் தகுந்த எந்தச் சரிவிலும் சமாளிக்கலாம். இவை இல்லாமல் கல்லை நம்பி நிறுத்தியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டை விட்டு ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போங்கள். இரவில் பின்னால் வரும் பைக்குக்காரருக்கு அது கண்ணில் படாது.